சீவாமல் விட்டது

பல் டாக்டர் தன் கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். குவாட் என்கிற நாலு சக்கர மண்பைக்கை வாங்க வருகிறவர்கள் பொதுவாக டயரை ஒரு உதை விடுவார்கள், சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்ப்பார்கள், புகைக்குழாயில் விரலை விட்டுக் கரியைத் தேய்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவர்களைப் போலத் தலையாட்டுவார்கள். இவர் எதையும் உதைக்கவில்லை. நோட்டைப் பிரித்து வரிசையாகக் கேட்டார்.

"கம்ப்ரஷன் ஏத்தின எஞ்சின்னு சொன்னாங்க. எவ்வளவு ஏத்தியிருக்கு?"

"அதை வெட்டினவங்களைத்தான் கேக்கணும்," என்று தூசி, பட்டறை வாசலில் நின்ற மனைவியைக் காட்டினார். "எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். இப்ப அதுவும் தெரியாது."

டாக்டர் சிரித்தார். பக்கத்தில் குந்தியிருந்த மெக்கானிக்கும் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தூசி என்பது பந்தயத் திடலில் அவருக்கு விழுந்த பெயர். பன்னிரண்டு வருடம் மண்ணிலும் மேட்டிலும் குவாட் ஓட்டியவர். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட மண்நிறமாக இருக்கும். மெக்கானிக்குக்கு சைலன்சர் என்று பெயர் வைத்தவன் யாரோ குறும்புக்காரன். அந்த மனிதர் தூங்கும்போதுதான் பேச்சை நிறுத்துவார் என்பார்கள். அவளை எல்லோரும் மில்லி அக்கா என்பார்கள். குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால்கூட மில்லிமீட்டரில் சொல்வாள் என்பது அவர்களுடைய கேலி.

"டாக்டர், இங்க பாருங்க," என்று சைலன்சர் எஞ்சினின் ஓரத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். "நூறுன்னு அடிச்சிருக்கா? ஒரு மில்லிமீட்டரை நூறாப் பிரிச்ச கணக்கு. நூறுன்னா முழுசா ஒரு மில்லிமீட்டர் சீவியிருக்குன்னு அர்த்தம். அக்கா எந்த ஹெட்டைச் சீவினாலும், எந்த சிலிண்டர் முகத்தைக் கடைஞ்சாலும், எவ்வளவு எடுத்தோம்னு ஓரத்துல அடிச்சிட்டுத்தான் வெளிய விடுவாங்க. அடுத்தவன் தெரியாம மறுபடி சீவிட்டா பிஸ்டன் வந்து வால்வுக்கு முத்தம் குடுத்துடும். இந்தப் பக்கம் இருக்கிற எல்லா ரேஸ்காரனுக்கும் அந்த நம்பர் வேத வாக்கு."

"நம்பரை நம்பறேன்," என்றார் டாக்டர். "இருந்தாலும் ஹெட்டைக் கழட்டி அளந்து காட்டினா நிம்மதியா இருக்கும். பல்லுலயே நான் எக்ஸ்ரே எடுக்காம கை வைக்க மாட்டேன். எண்ணெய் ஊத்தி அளக்கறதுக்கு ஊசி வேணும்னா என்கிட்ட பெட்டி பெட்டியா இருக்கு."

"தாராளமா," என்றார் தூசி. "சனிக்கிழமை கழட்டிடலாம். இல்ல சைலன்சர்?"

அவள் வாசலைவிட்டு உள்ளே போனாள். மில்லிங் மெஷினின் மேடையில் யாரோ ஒருவருடைய சிலிண்டர் பாதி வேலையில் இருந்தது. அதைத் தொடாமல் சற்று நேரம் நின்றாள். சனிக்கிழமை ஹெட் கழன்று வந்ததும் சுத்தம் செய்கிறேன் என்று வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்தால் போதும். எஞ்சின் ஓரத்தில் அடித்த நம்பர் உண்மையாகிவிடும். பிறகு டாக்டர் ஊசியால் அளக்கட்டும், எதனால் வேண்டுமானாலும் அளக்கட்டும்.

ஏனென்றால் அந்த ஹெட்டில் அவள் நூறு சீவவில்லை. முப்பதுதான் சீவியிருந்தாள்.

ஹெட் என்பது எஞ்சினின் மூடி. அதன் அடிமுகத்தில் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும். காற்றும் பெட்ரோலும் நசுங்கி வெடிப்பது அங்கேதான். முகத்தைச் சீவச் சீவக் குழி சிறுத்துப்போகும், அதே காற்று இன்னும் குறைந்த இடத்தில் நசுங்கும், வெடிப்பு பிஸ்டனை இன்னும் ஓங்கி அடிக்கும். மேடு ஏறும்போது அந்த அடி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது ஓட்டுகிறவனுக்கு முதுகெலும்பில் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், திடலின் பெரிய மேட்டைத் தாண்டிய இறக்கத்தில் குவாட் அவர் மேல் உருண்டது. தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் போயின. அவள் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அவர்மேல் ஒரு முறை புரண்டது, நின்றது, பிறகு யோசித்ததைப் போல இன்னொரு முறை புரண்டது. ஆறு வாரம் அவருக்குக் கரண்டியால் ஊட்டினாள், சட்டை மாட்டிவிட்டாள், தலை துவட்டிவிட்டாள். ஏழாவது வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "ஹெட்ல ஒரு மில்லி எடுத்துடலாமா?" என்பதுதான்.

எடுக்கலாம் என்றுதான் சொன்னாள். ஹெட்டை மேடையில் இறுக்கினாள், டயலைப் பூஜ்ஜியத்தில் வைத்தாள். பத்துப் பத்தாக மூன்று ஓட்டம் சீவியதும் கைப்பிடியில் இருந்த கை நகரவில்லை. மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தினாள், முகத்தைத் துடைத்தாள், எண் அச்சுகளை எடுத்து ஓரத்தில் ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று மூன்று தடவை சுத்தியலால் தட்டினாள். இந்த ஒரு சீசனுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அந்த சீசனில் அவர் ஒவ்வொரு பந்தயத்திலும் அதே மேட்டில்தான் பின்தங்கினார். வளைவில் முந்துவார், மணலில் முந்துவார், மேடு வந்ததும் இரண்டு பேர், மூன்று பேர் அவரைக் கடந்துபோவார்கள். "என்ன தூசியண்ணே, மேட்டுல நின்னு டீ குடிச்சிட்டு வர்றீங்களா?" என்று பையன்கள் கேட்டார்கள். அவரும், "சர்க்கரை கம்மியாப் போட்டுட்டான்டா, சண்டை போட்டுட்டு வர லேட்டாயிடுச்சு," என்றார்.

வீட்டில் அவர் வேடிக்கை பேசவில்லை. குவாட்டில் ஆக்சிலரேட்டரைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வலிக்குதா?"

"வலியில்ல. இவன் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறான். நான் அழுத்தறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். மேடு வந்ததும் எனக்குத் தெரியாமலே விட்டுடறான்."

"அப்படியெல்லாம் இருக்காது."

"பின்ன எப்படி? எஞ்சின் நீ வெட்டினது. அதுல குத்தம் சொல்ல முடியுமா? விழுந்ததுல பயம் உள்ள போய் உக்காந்துடுச்சு. வெளிய வர மாட்டேங்குது."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் ஒன்பதாவது ஆளாக வந்த நாட்களில், உடம்பில் கீறல்கூட இல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நாட்களில், அவளுக்கு மனம் குளிர்ந்தது. அவர் குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகினாள். அதை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

இரண்டாவது சீசனும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. பயம் பந்தயத்தோடு நிற்கவில்லை. கல் குவாரியில் அவர் பெரிய டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேனேஜரிடம் போய், பயந்தவன் முப்பது டன் கல்லை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரக் கூடாது என்று தானாகவே சொல்லி, எடைமேடை அறைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களின் லாரிகளை எடை போடுகிறார். வெளியே போகும்போது வேனின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்கிறார். ஒரு மணி நேர வேலையில் சரிசெய்துவிடக்கூடியது என்று அவள் நினைத்திருந்த பொய், அதற்குள் ஒரு ஆளையே மாற்றிவிட்டிருந்தது. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வண்டியைக் குடுத்துடலாம்," என்றார்.

சனிக்கிழமை என்று பேசியிருந்தார்கள். சைலன்சர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்.

அன்று அவள் கட்டர் தீட்டக் கொடுத்திருந்ததை வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். சமையலறை மேசையில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் ஜன்னல் விளிம்புக்குப் போயிருந்தன. மேசை நடுவில் ஹெட் தலைகீழாகப் படுத்திருந்தது. குழியின் மேல் கிரீஸ் தடவி ஒட்டிய பிளாஸ்டிக் சதுரம், அதில் ஒரு சின்னத் துளை. தூசி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல் டாக்டர் கொடுத்த ஊசியால் அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தாளில் நான்கு எண்கள்.

"வந்துட்டியா? நல்ல வேளை. சைலன்சர் கழட்டிக் குடுத்துட்டு, எப்படி அளக்கணும்னு சொல்லிட்டுப் போனான். உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு பார்த்தேன். இங்க பாரு, நூறு சீவின குழி முப்பத்தொம்பது மில்லிலிட்டர்தான் பிடிக்கணும்னான். எனக்கு நாப்பத்திநாலு வருது. நாலு தடவை ஊத்திட்டேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"காத்துக் குமிழி நிக்குதோ?"

"குமிழி நின்னா கம்மியாத்தான் காட்டும்," என்றாள். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. அளவு விஷயத்தில் அந்த வாய்க்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, கை சொன்னதுதான்.

"அப்ப என் கைதான்." அவர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "பார்த்தியா, சொட்டு எண்ணக்கூட லாயக்கில்லாம ஆயிட்டேன். எடைமேடையில கம்ப்யூட்டரே எண்ணிக்குது, பொழைச்சேன்."

அவர் அதை மனம் நொந்து சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆமாம், கிரீஸ் சரியாகப் பிடிக்கவில்லை, விடுங்கள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வாக்கியம் அவளிடம் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் விடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். டாக்டருக்கு நல்ல எஞ்சின் போய்ச் சேரும். இவருக்குச் சொட்டுகூட எண்ணத் தெரியாத கை மிஞ்சும்.

"உங்க கை சரியாத்தான் இருக்கு," என்றாள். "நாப்பத்திநாலுதான்."

"நூறுன்னு அடிச்சிருக்கே."

"அடிச்சேன். முப்பதுதான் எடுத்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மீதி எழுபது?"

"அதுலயேதான் இருக்கு."

அவர் ஹெட்டைப் பார்த்தார், அந்த எழுபது எங்கே என்று கண்ணுக்குத் தெரியும் என்பதைப் போல. "எப்ப?"

"உங்களுக்கு எலும்பு கூடின வருஷம்."

"மூணு சீசனும்."

"ஆமா."

தெருவில் யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுத்தார்கள், அதன் கீச்சொலி நெடுநேரம் கேட்டது. அவர் ஊசியில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயைக் கிண்ணத்தில் மெதுவாக அழுத்தி விட்டார். பிறகு அதே கட்டைவிரலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இவனைப் போட்டு எவ்வளவு திட்டியிருக்கேன்," என்றார்.

"உங்களை மறுபடி அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லங்க. வண்டி ரெண்டாவது தடவை புரண்டதை நீங்க பார்க்கல. நான் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே. எனக்குப் பயமா இருக்கு, விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை. சத்தம் போட்டிருப்பேன், ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். அப்புறம் விட்டிருப்பேன். உனக்குப் பயம்னு விட்டிருப்பேன்." நிறுத்திவிட்டு மேசையில் இருந்த தாளை இரண்டாக மடித்தார். "எனக்குப் பயம்னு நெனச்சுக்கிட்டு விட்டேன்."

அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மேசையைத் துடைத்தார், பாத்திரங்களைப் பழைய இடத்தில் வைத்தார், மண்ணெண்ணெய் வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தார்.

டாக்டரிடம் இன்னும் சில நாள் ஆகும் என்று போனில் சொன்னார். அடுத்த இரண்டு நாட்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார், சாவி, கேஸ் சிலிண்டர் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் காலை அவர் ஹெட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மில்லிங் மெஷினின் மேடையில் வைத்தார்.

"எழுபதையும் எடுத்துடு. டாக்டர்கிட்ட நூறுன்னு சொல்லியிருக்கு."

"எடுக்கறேன். அதுக்கப்புறம் நீங்க வண்டியைக் குடுக்க வேண்டாங்க. இந்த சீசன் ஓட்டுங்க."

"எனக்கு நாப்பத்திமூணு ஆகுது. அப்ப ஓட்டினவனை இனிமே எங்க போய்த் தேடிக் கூட்டிட்டு வர?"

அவர் போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இந்த டயல்ல ஒரு கோடுன்னா எவ்வளவு?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. பட்டறைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார், அவ்வளவுதான்.

"ஒரு கோடு, ஒண்ணு. பத்துக் கோடு ஒரு ஓட்டம்."

"சரி. ஓட்டு."

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அவர் குனிந்து டயலைப் பார்த்து எண்ணை உரக்கச் சொன்னார். பத்து. இருபது. முப்பது. அலுமினியச் சீவல்கள் சுருண்டு அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டன, அவர் தட்டிவிடவில்லை. லாரியை எடை போடுகிறவரின் குரல் அது, நல்லதும் கெட்டதும் இல்லாத குரல். எழுபது என்று அவர் சொன்னதும் அவள் மெஷினை நிறுத்தினாள். அவரே மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தார். முப்பத்தொன்பது வந்தது. இரண்டாவது தடவையும் முப்பத்தொன்பது. அன்று மாலை டாக்டர் வந்து தானே ஊற்றிப் பார்த்தபோதும் அதேதான்.

சைலன்சர் எஞ்சினைப் பூட்டியபோது விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே உறுத்துச்சுக்கா. ஒரு மில்லி சீவின ஹெட்டைப் போட்டா டைமிங் செயின் குறி கொஞ்சம் தள்ளி நிக்கணும். அது பாட்டுக்கு நேரா நின்னுச்சு. உங்க நம்பரைப் பார்த்தேன். சரி, நம்ம கண்ணுதான் மங்கிடுச்சு போலன்னு போய்க் கண்ணாடி மாத்தினேன். உண்மையா, போய் மாத்தினேன்."

"உன் கண்ணுக்கும் என் விரலுக்கும் ஒரே வியாதி," என்றார் தூசி. சைலன்சர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பல் டாக்டர் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திடலுக்கே வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எட்டு மணிக்கே வேனில் குவாட்டை ஏற்றிக்கொண்டு மூவரும் போனார்கள். பூட்டின எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று தூசி சொன்னார். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஹெல்மெட்டும் இருந்தது.

திடலில் வேறு யாரும் இல்லை. அவர் முதலில் மெதுவாக நான்கு சுற்று போய் எஞ்சினைச் சூடாக்கினார். சத்தமே வேறாக இருந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கெட்டியாக விழுந்தது. திரும்பி வந்து வேன் பக்கத்தில் நிறுத்தி, கையுறையைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்தார். பன்னிரண்டு வருடமாக அந்த வாட்சைப் பிடிக்கிறவள் அவள்தான். கை தானாக நீண்டது.

"நீ பிடி," என்று அவர் அதை சைலன்சரிடம் கொடுத்தார். "அடிவாரக் கொடிக்கம்பத்துல அமுக்கு. உச்சியில நிறுத்து. மேடு மட்டும் போதும்."

நீட்டிய கையை அவள் துப்பட்டாவைச் சரிசெய்வதற்குப் பயன்படுத்திக்கொண்டாள்.

மூன்று தடவை ஏறினார். கீழேயிருந்து பார்த்தால் ஒரு மண்மேகம் மேட்டில் ஏறுவது மட்டும் தெரிந்தது. பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கும் மெஷினைப் போட்டுவிட்டிருந்தார்கள், அந்த இரைச்சலில் எஞ்சின் எங்கே தளர்ந்தது, தளரவே இல்லையா என்று அவளால் பிரித்துக் கேட்க முடியவில்லை. உச்சியில் அவர் மறையும் ஒவ்வொரு முறையும், மறுபக்கம் இறங்கி வளைவில் அவர் தலை தெரியும் வரை அவள் மூச்சு விடவில்லை. அந்தப் பயம் பழைய பயம்தான். நான்கு வருடத்தில் அது துளியும் குறைந்திருக்கவில்லை.

மூன்றாவது தடவை இறங்கி வந்து எஞ்சினை அணைத்தார். சைலன்சர் நடந்துபோய் வாட்சை அவரிடம் காட்டினார். இரண்டு பேரும் தலை குனிந்து பார்த்தார்கள். தூசி ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடி மூடியை மட்டும் தூக்கிவிட்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஒரு தடவை அசைத்தார். அது ஆமாம் என்பதா, அவ்வளவுதான் என்பதா, அவளுக்குத் தெரியவில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். எண்கள் பூஜ்ஜியத்துக்குப் போயின.

சைலன்சர் திரும்பி வந்து, இந்த வெயிலுக்குத் தொப்பி கொண்டுவராதது தப்பு என்றார், குவாரிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையா என்றார், டாக்டர் வந்தால் தன் கடைவாய்ப் பல்லைக் காட்ட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் பேசினார். அதை மட்டும் பேசவில்லை.

டாக்டர் வந்தார். நோட்டில் ஒவ்வொன்றாக டிக் செய்தார். ஆட்களை வைத்து வண்டியைத் தன் டிரெய்லரில் ஏற்றினார். "மேடம், நம்பரும் அளவும் அச்சு அசலா ஒத்துப்போகுது," என்று அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். டிரெய்லர் சாலையில் திரும்பும் வரை தூசி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேனின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு எப்போதும்போலப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். சைலன்சர் டாக்டரோடு பல்லைக் காட்டப் போய்விட்டார்.

மண்பாதையைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்டாள்.

"எவ்வளவுங்க வந்துச்சு?"

"என்ன எவ்வளவு?"

"மேட்டுல."

அவர் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினார். காதோரம் இன்னும் மண் இருந்தது.

"சொல்லலாம்," என்றார். "நான் ஒரு நம்பர் சொல்றேன்னு வெச்சுக்க. அது நிஜம்தானான்னு நீ எதை வெச்சு அளப்பே?"

தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். அவர் பழைய வேகத்தில் ஏறியிருந்தால், மூன்று வருடத்தை அவரிடமிருந்து எடுத்தது அவள். ஏறவில்லை என்றால், அந்தப் பயத்தை அவருக்குள் உட்காரவைத்ததும் அவளாக இருக்கலாம், அவளாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துச் சொல்கிறவளுக்கு இதில் எந்தப் பக்கம் எவ்வளவு என்று இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் பின்னாலேயே வெகுதூரம் போனாள். தான் அழுவது வண்டியின் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ரோட்டைப் பார்த்து ஓட்டும்மா," என்றார் அவர், கோபமில்லாமல்.